நீக்கிய வரியில் நின்ற பெயர்கள்

பலர் கூடி ஒரு தேரை இழுப்பது எளிது. பலர் கூடி ஒரு பக்கத்தை எழுதுவது அரிது. தேருக்கு வடமும் ஒன்று, திசையும் ஒன்று. எழுத்துக்கோ ஆளுக்கொரு பேனா, ஆளுக்கொரு நினைவு. எங்கள் பங்கு ஆலயத்தின் நூற்றாண்டு மலருக்காக ஆலய வரலாற்றைத் தொகுத்தபோது இந்த உண்மையை நான் கற்றுக்கொண்டேன்.

பதினெட்டுப் பக்கங்களில் அந்த வரலாற்றை நானே கணினியில் எழுதி முடித்தேன். தனி ஒருவன் எழுதியது இறைமக்களின் வரலாறு ஆகாது என்று எண்ணி, அதே கோப்பை ஐவருக்கு அனுப்பினேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பங்குப்பேரவைத் துணைத் தலைவர், கன்னியர் இல்லத் தலைவி, இளைஞர் இயக்கச் செயலர், நாற்பது ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து மறைக்கல்வி கற்பித்த முதிய வேதியர் ஆகியோர் அந்த ஐவர். வேர்டு மென்பொருளில் திருத்தங்களைப் பதிவுசெய்யும் வசதி ஒன்று உண்டு. அதை இயக்கிவிட்டால் நீக்கிய சொல் அழிந்துபோகாமல் கோடிட்டு நிற்கும். சேர்த்த சொல் வண்ணத்தில் ஒளிரும். செய்தவர் பெயரும் நேரமும் அருகில் தோன்றும். அவ்வாறே திருத்தி அனுப்புமாறு ஐவரையும் கேட்டுக்கொண்டேன்.

பத்து நாட்களில் ஐந்து படிகளும் திரும்பி வந்தன. இடர்கள் அப்போதுதான் தொடங்கின. தலைமையாசிரியர் தமக்குப் பழகிய பாமினி எழுத்துருவுக்கு முழுக் கோப்பையும் மாற்றித் திருத்தியிருந்தார். நான் எழுதியதோ ஒருங்குறியில். கண்ணுக்கு இரண்டும் ஒரே தமிழ்தான். கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு குறிகள். ஒப்பிட்டுப் பார்த்தபோது, பதினெட்டுப் பக்கங்களையும் அவர் அடித்துவிட்டுப் புதிதாக எழுதியதாக அது சொல்லிற்று. எழுத்துருவை மாற்றியமைத்த பின்னரே அவர் உண்மையில் திருத்தியவை முப்பது இடங்கள் மட்டுமே எனத் தெரிந்தது. வேதியருக்குக் கணினி தெரியாது. அவர் சொல்லச் சொல்ல அவருடைய பேத்தி திருத்தியிருந்தாள். துணைத் தலைவர் அனுப்பிய படியில் ஒரு வண்ணக் குறியும் இல்லை. "எல்லாம் நன்றாக இருக்கிறது சாமி" என்று ஒரு குறிப்பு மட்டும் இருந்தது.

மென்பொருள் ஒரு நேரத்தில் இரண்டு படிகளையே இணைக்கும். முதலிரண்டை இணைத்து, அந்த விளைவோடு மூன்றாவதை, பிறகு நான்காவதை என்று படிப்படியாகச் செல்லவேண்டும். இணைத்து முடித்தால் ஒரே பக்கத்தில் ஐவரும் ஐந்து வண்ணங்களில் அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொன்றாக ஏற்பதும் மறுப்பதும் தொகுப்பவன் பொறுப்பு. 'அனைத்தையும் ஏற்றுக்கொள்' என்று ஒரு பொத்தானும் உண்டு. சோம்பேறிக்கு அது சோதனை. அவசரக்காரனுக்கு அது கண்ணி.

எடுத்துக்காட்டு ஒன்று சொல்கிறேன். 1924ஆம் ஆண்டு ஆலயம் எழுப்பப்பட்டது என்று நான் எழுதியிருந்தேன். தலைமையாசிரியர் அதை அடித்து 1923 என்றார். கன்னியர் இல்லத் தலைவி அதே எண்ணை அடித்து 1925 என்றார். இரண்டையும் ஏற்றால் ஆலயம் '19231925' ஆம் ஆண்டில் எழும்பும்! விசாரித்தபோது, அடிக்கல் நாட்டியது முன்னதில், மந்திரித்துத் திறந்தது பின்னதில் என்று தெளிவாயிற்று. இருவரும் சரி, நான்தான் தவறு.

பாதுகாவலர் திருவுருவம் கப்பலில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் ஊர் சேர்ந்தது என்றார் தலைமையாசிரியர். உள்ளூர்த் தச்சர் ஒருவர் வேப்பமரத்தில் செதுக்கியது என்றார் வேதியர். இதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. இரண்டையும் கலந்து பொதுவாக ஒரு வாக்கியம் எழுதிவிடலாமா என்று எண்ணினேன். அப்போது தத்தியான் நினைவுக்கு வந்தார். ஏறத்தாழ கி.பி. 170இல் நான்கு நற்செய்திகளையும் ஒரே கதையாக இணைத்துத் தந்தவர் அவர். சிரிய மொழி பேசிய சபைகள் அந்த இணைப்பு நூலையே நெடுங்காலம் வழிபாட்டில் வாசித்தன. ஆயினும் சில ஆண்டுகளுக்குள்ளாகவே புனித இரேனேயு நற்செய்திகள் நான்கே என வலியுறுத்தினார். ஐந்தாம் நூற்றாண்டில் ஆயர் தெயொதொரேத்து தம் பகுதியில் வழங்கிய அந்நூலின் இருநூற்றுக்கும் மேற்பட்ட படிகளை அகற்றி, நான்கு நற்செய்திகளையும் வைத்தார். உயிர்ப்பு நாளின் வைகறையில் கல்லறைக்குச் சென்ற பெண்கள் மூவரை மாற்கு பெயர் சொல்கிறார். யோவான் மகதலா மரியாவை மட்டுமே காட்டுகிறார். இந்த வேறுபாட்டைத் துடைத்து வழுவழுப்பாக்கத் திருச்சபை விரும்பவில்லை. சாட்சிகள் வேறுபட்டாலும் சாட்சிகளாகவே நிற்கட்டும் என்றது. நானும் திருவுருவத்தைப் பற்றிய இரண்டு நினைவுகளையும் அருகருகே வைத்துவிட்டேன்.

இதுவரை சொன்னவை எளியவை. இனிச் சொல்லப்போவது எளிதன்று.

துணைத் தலைவரின் படியில்தான் வண்ணம் எதுவும் இல்லையே, இணைக்காமல் விட்டுவிடலாம் என நினைத்தேன். ஐவர் பெயரையும் மலரில் அச்சிடவேண்டும் என்ற முறைமைக்காக இணைத்தேன். பதினோராம் பக்கத்தில் ஒரு முழுப் பத்தி கோடிட்டு நின்றது. பதிவு வசதியை நிறுத்திவிட்டு அவர் அந்தப் பத்தியை நீக்கியிருந்தார். படியைத் தனியே வாசித்தால் தெரியாது. மூலத்தோடு வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் மௌனமான நீக்கம் அது.

அது என்ன பத்தி? ஆலயம் கட்டச் சுண்ணாம்பும் கல்லும் சுமந்த சேரி மக்களைப் பற்றி நான் எழுதிய மூன்று வாக்கியங்கள். அவற்றின் இறுதியில், திருப்பலியில் அவர்கள் இடப்பக்கச் சிறகில் தனியே அமர்ந்தனர் என்று எழுதியிருந்தேன். அதே பத்தியில் வேதியரும் கை வைத்திருந்தார். நான் எழுதிய 'அமர்ந்தனர்' என்பதை அவர் 'அமர வைக்கப்பட்டனர்' என்று மாற்றியிருந்தார். 'சேரி மக்கள்' என்று நான் பொதுவாகச் சொன்ன இடத்தில், முதல் கல்லைச் சுமந்த ஓர் ஆணின் பெயரையும், சாரத்திலிருந்து விழுந்து இறந்த ஒரு பெண்ணின் பெயரையும் சேர்த்திருந்தார்.

ஆகவே கணினித் திரையில் நான் கண்டது இதுதான்: பத்தி முழுவதும் சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்டிருந்தது, அடிக்கப்பட்ட வரிகளுக்கு நடுவே இரண்டு பெயர்கள் மட்டும் நீல நிறத்தில் நின்றன. எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்தினால் வாக்கியங்கள் மறைந்துவிடும். அந்த இரண்டு பெயர்களோ எழுவாயாகவும் இன்றிப் பயனிலையும் இன்றி, வெற்றிடத்தில் அநாதையாக நிற்கும்.

அப்போது இரவு பன்னிரண்டைக் கடந்திருந்தது. காலையில் அச்சகத்திற்குக் கோப்பு செல்லவேண்டும். மறைப்பானேன்? என் மனம் கணக்குப் போட்டது. மற்ற மூவரும் அந்தப் பத்தியைத் தொடவில்லை. விழா நன்கொடையில் பெரும்பகுதி துணைத் தலைவரின் உறவினர்கள் தந்தது. அந்தப் பத்தியும், அந்த இரண்டு பெயர்களும் இல்லாவிட்டால் யாரும் தேடப்போவதில்லை. இப்படியெல்லாம் எண்ணியவன் நான்தான். அவர் ஒரு பத்தியை நீக்கினார் என்று குறைசொல்ல எனக்கு என்ன தகுதி? 'அமர்ந்தனர்' என்று எழுதி அவருக்கு முன்பே பாதியை நீக்கியவன் நானல்லவா? தாமாக விரும்பித் தனியே அமர்ந்ததுபோல் அந்த வினைச்சொல்லை மழுப்பியது என் பேனாதானே?

பொத்தானை அழுத்தாமல் கணினியை மூடினேன். உறக்கம் வரவில்லை. இறையியல் கல்லூரியில் திருச்சபை வரலாறு கற்பித்த பேராசிரியர், இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஏடுகளைத் திருத்திய முறையை விரிவாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆயர்களுக்கு மூன்று வகை வாக்குகள் இருந்தன: ஏற்கிறேன், ஏற்கவில்லை, திருத்தத்துடன் ஏற்கிறேன். மூன்றாம் வகையில் வாக்களித்தவர் தம் திருத்தத்தை எழுத்தில் தரவேண்டும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடிய சங்கம் அது. கணினி இல்லாத அக்காலத்தில் குழுவினர் அத்திருத்தங்களை வகைப்படுத்தி, ஆராய்ந்து, ஏற்றதையும் ஏற்காததையும் காரணத்தோடு அச்சிட்டு ஆயர்கள் கையில் கொடுத்தனர். இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டின் முதல் வரைவு 1962 நவம்பர் 20 அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. விவாதத்தை நிறுத்தவேண்டும் என்றவர்கள் 1368 பேர். தொடரலாம் என்றவர்கள் 822 பேர். விதிப்படி மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் வரைவு பிழைத்தது. ஆனால் திருத்தந்தை 23ஆம் யோவான் எண்ணிக்கையின் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. மறுநாளே தலையிட்டு, எதிரெதிர்க் கருத்துடையவர்களை ஒரே குழுவில் அமர்த்தி, மீண்டும் எழுதச் சொன்னார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1965 நவம்பர் 18 அன்று அந்த ஏடு 2344 வாக்குகளோடு நிறைவேறியது, எதிர்த்தவர் அறுவர்.

மூன்று ஆண்டுகள் எதற்குச் செலவாயின? எதிர்த்தவனும் தன் சொல் கேட்கப்பட்டது என அறியவேண்டும் என்பதற்கன்றோ! எனக்கோ ஓர் இரவு பொறுக்க மனமில்லை.

அச்சகத்தாரிடம் இரண்டு நாள் தவணை கேட்டுவிட்டு, மாலையில் துணைத் தலைவர் வீட்டுக்குச் சென்றேன். கோடிட்ட அந்தப் பக்கத்தை அச்செடுத்து அவர் முன் வைத்தேன். அவர் மறுக்கவில்லை.

"சாமி, மலர் வெளிநாடு வரைக்கும் போகும். என் பாட்டனார் காலத்துத் தப்புக்கு என் பேரப்பிள்ளைகள் தலைகுனியணுமா? இன்றைக்கு எல்லோரும் ஒன்றாகத்தானே உட்காருகிறோம்?" என்றார். அவர் குரலில் திமிர் இல்லை, வலிதான் இருந்தது.

"ஐயா, இது நம் ஊர்க் கறை மட்டும் அன்று. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதியால் மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிந்தது. சுவர் இருந்ததைச் சொன்னால்தானே அது இடிந்ததையும் சொல்லமுடியும்?" என்றேன்.

"உங்களுக்கு ஐந்து வருடத்தில் மாற்றல் வந்துவிடும் சாமி. நாங்கள் இங்கேயே இருக்கவேண்டியவர்கள்" என்றார்.

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அவர் சொன்னது உண்மை. ஆனால் சேரித் தெருவில் இருப்பவர்களும் இங்கேயே இருக்கவேண்டியவர்கள்தாம் என்று மெல்லச் சொன்னேன். காப்பி வந்தது, குடித்தோம். உடன்பாடு வரவில்லை.

அந்தப் பத்தியை வேதியர் திருத்தியவாறே வைத்தேன். பிறகு ஐவருக்கும் தனித்தனியே கடிதம் எழுதினேன். இந்தத் திருத்தம் ஏற்கப்பட்டது, இது ஏற்கப்படவில்லை, காரணம் இன்னது என்று வரிசையாகக் குறித்தேன். துணைத் தலைவருக்கு எழுதியதுதான் நீண்ட கடிதம். அதன் இறுதியில், அந்த இரவில் என் விரலும் பொத்தானின்மேல்தான் இருந்தது என்று ஒப்புக்கொண்டேன்.

விழா நடந்தது. மலர் வெளியானது. வேதியரின் பேத்தி பதினோராம் பக்கத்தைத் தாத்தாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினாள். அவர் கேட்டுவிட்டு, "பெண்ணின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது சாமி" என்றார். ஐந்து படிகளை ஒப்பிட்டும் என் கண்ணில் படாத பிழை! அடுத்த ஞாயிறு அறிவிப்பில் அதைத் திருத்தி வாசித்தேன். துணைத் தலைவர் இன்றும் ஞாயிறு தவறாமல் வருகிறார், "தோத்திரம் சாமி" என்கிறார், நிற்காமல் போகிறார். எங்களுக்குள் திருத்தம் இன்னும் முடியவில்லை.

ஐந்து படிகளையும் வண்ணம் மாறாமல் அச்செடுத்து, திருமுழுக்குப் பதிவேடுகள் இருக்கும் பேழையில் வைத்திருக்கிறேன். எனக்குப் பின் வரும் பங்குத்தந்தை ஒருவர் என்றாவது திறந்து பார்ப்பார். யார் எழுதினார், யார் அடித்தார், யார் மழுப்பினார் என்பதை அவர் அறியட்டும். என் வண்ணமும் அதில் இருக்கிறது.

அன்பர்களே, நம் குடும்பங்களிலும் அன்பியங்களிலும் பேரவைகளிலும் நாள்தோறும் பலர் சொல்லை ஒன்றாக்கும் வேலை நடக்கிறது. கடைசியாகப் பேனா யார் கையில் இருக்கிறதோ, அவர் சற்றே நின்று, அடிக்கப்பட்ட வரிகளுக்குள் யாருடைய பெயராவது நிற்கிறதா என்று பார்ப்பாராக. விண்ணகத்தில் எழுதப்பட்ட பெயர்களை மண்ணில் நீக்கும் அதிகாரம் நம்மில் யாருக்கும் வழங்கப்படவில்லை.