அந்த வேகக்காரப் பையனைப் பற்றி

அன்புள்ள மருமகனுக்கு,

உன் அறிக்கை வந்தது. முக்கால்வாசி அந்தப் பையனுடைய ஓட்டம்தான். இடது கை பேட்டர், முதல் பேஸுக்கு 3.9 விநாடி, வேகத்துக்கு 80. போட்டது சரிதான், 20இலிருந்து 80 வரை போகும் அளவுகோலில் இடது கைக்காரனுக்கு 4.2 விநாடி என்பதே நடுத்தரம். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவன் அடித்துவிட்டு ஓடினானா, ஓடிக்கொண்டே அடித்தானா? மட்டை சுழலும்போதே காலைக் கிளப்பிவிடுவதை பேஸ்பால் ஸ்கவுட்கள் 'ஜெயில்பிரேக்' என்பார்கள். அந்த நேரத்தைச் சேர்க்காதே. முழு வீச்சு வீசிவிட்டு ஓடியதை மட்டும் எடு.

உனக்கு பில்லி ஹாமில்டன் கதையைச் சொல்லியாக வேண்டும். மிசிசிப்பியில் டெய்லர்ஸ்வில் என்ற சின்ன ஊரின் பள்ளிப் பையன்; சின்சினாட்டி ரெட்ஸ் அணி 2009இல் அவனை எடுத்தது. 2012இல் பேக்கர்ஸ்ஃபீல்டு, பென்சகோலா என்ற இரண்டு மைனர் லீக் அணிகளிலுமாக ஒரே சீசனில் 155 பேஸ் திருடினான். வின்ஸ் கோல்மன் 1983இல் எடுத்த 145தான் அதுவரை மைனர் லீக் சாதனை. பிட்சர் வீச அசையத் தொடங்கியதிலிருந்து பந்து கேட்சரிடம் சேர 1.3 விநாடி, கேட்சர் அதை இரண்டாம் பேஸுக்கு எறிய 2 விநாடி. ஓடப்போகிறான் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்த 3.3 விநாடி அவனைப் பிடிக்கப் போதவில்லை.

2012இல் அவனுடைய பேட்டிங் சராசரி .311, வாக் 86. வேகமும் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இங்கேதான் நீ கவனிக்க வேண்டும். கீழ்மட்டத்தில் பல பிட்சர்களுக்கு நினைத்த இடத்தில் பந்து விழாது. சும்மா நின்றாலே வாக், அதாவது இலவசமாக முதல் பேஸ், கிடைக்கும். மேஜர் லீக்கில் அந்தத் தானம் கிடையாது. இவன் அடித்தால் பந்து வேலியைத் தாண்டாது என்று தெரிந்ததும் பயமில்லாமல் நடுவிலேயே வீசினார்கள். 2014 முதல் 2017 வரை 56, 57, 58, 59 என்று வருடத்துக்கு ஒன்று கூட்டித் திருடினான், அதில் குறையில்லை. ஆனால் 2015இல் சராசரி .226. முதல் பேஸுக்கே வராதவன் எதைத் திருடுவான்?

அதனால் உன் பையனின் கால்களைக் கொஞ்சம் மறந்துவிட்டு மட்டையைப் பார். உள்பக்கம் வரும் வேகப்பந்தை அடிக்கிறானா, தள்ளிவிடுகிறானா? இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு என்ன செய்கிறான்? திருட்டுக் கணக்கை ரொம்ப நம்பாதே. பேஸை 18 அங்குலமாகப் பெரிதாக்கி, பிட்சர் முதல் பேஸுக்கு எறிந்து மிரட்டுவதற்கும் வரம்பு வைத்தபின் திருட்டு எல்லோருக்குமே சுலபமாகிவிட்டது.

இன்னொன்று, ஃபீல்டிங் பற்றி ஒரு வரிகூட இல்லையே! ஷார்ட்ஸ்டாப்பாக இருந்த ஹாமில்டனை 2012 கடைசியில்தான் சென்டர் ஃபீல்டுக்கு மாற்றினார்கள். அடி வராத வருடங்களிலும் அணியில் அவனுக்கு இடம் வாங்கிக்கொடுத்தது அந்த ஃபீல்டிங்தான். ஆட்டத்துக்கு முன்னால் பேட்டிங் பயிற்சி நேரத்திலேயே போய் உட்கார். பந்தைப் பார்க்காதே, பையனைப் பார். மட்டைச் சத்தம் கேட்டதும் முதல் அடியை எந்தப் பக்கம் வைக்கிறான் என்று எழுது.

ஹிட்டிங்குக்கு நீ போட்டிருக்கும் 55ஐ இப்போதைக்கு அழித்து வை. இன்னொரு சீரீஸ் முழுக்கப் பார்த்துவிட்டு எண் போடலாம். அக்காவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன் என்று சொல்.

அன்புடன்,
மாமா