பலராம் அட்டை

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் சூயிங்கம் பாக்கெட்டுக்குள் கால்பந்து வீரர்களின் பட அட்டை வைத்து விற்றார்கள். 50 வயது வரை லீக் ஆட்டம் ஆடிய ஸ்டான்லி மாத்யூஸின் அட்டையை இன்றும் காசு கொடுத்து வாங்குகிறார்களாம். பேரன் போனில் காட்டினான். எனக்குத் துளசிதாஸ் பலராம் ஞாபகம் வந்துவிட்டது.

செகந்திராபாத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் 1936இல் பிறந்தவர். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த நம் அணியில் ஆடினார். 1960இல் ரோமில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டார். 1962இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கிய அணியிலும் இருந்தார். மறு வருஷமே நுரையீரல் நோயால் ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. வயது முப்பதுகூட ஆகவில்லை.

அவர் படம் போட்ட அட்டை எதுவும் திருவள்ளூர்க் கடைகளில் நான் பார்த்ததில்லை. அதனால் பள்ளி நாளில் நானே செய்துகொண்டேன். 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' இதழில் வந்த படத்தை வெட்டி, பழைய நோட்டு அட்டையில் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, பின்பக்கம் மைப்பேனாவில் அவர் போட்ட கோல்களை எழுதினேன்.

பிறகு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. வீடு மாற்றியபோது பழைய பேப்பரோடு அந்தக் கட்டையும் எடைக்குப் போட்டேன். யாரும் சொல்லவில்லை, நானேதான் போட்டேன்.

2023 பிப்ரவரியில் கொல்கத்தாவில் அவர் காலமான செய்தி வந்த அன்று, இல்லையென்று தெரிந்தும் பரணில் ஏறித் தேடினேன்.

அதற்கு யாரும் விலை கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் பேரன் போனை நீட்டியபோது, பதிலுக்கு நீட்ட என்னிடமும் ஒன்று இருந்திருக்கும்.