கடிகாரம் உரைக்கும் சாட்சி

கணினி பழுதுபார்ப்பதையே ஜீவனமாகக் கொண்ட எனக்கு, மூடினால் உறங்கித் திறந்தால் எழ மறுக்கும் மடிக்கணினியைப் போல் பொறுமையைச் சோதிப்பதும் அறிவுக்கு வேலை தருவதும் பிறிதொன்றில்லை. ஏனைய கோளாறுகளில் இயந்திரம் தன் குறையைத் திரையிலோ பதிவேட்டிலோ ஏதோ ஒரு பாஷையில் முறையிட்டுக்கொண்டேயிருக்கும். இங்கோ, குற்றம் நிகழ்கின்ற க்ஷணத்தில் திரை இருண்டு, வட்டு நின்று, செய்திகளை எழுதிவைக்கும் நிரல்களெல்லாம் உறைந்து கிடப்பதால், பிரத்தியட்சத்துக்கு இடமில்லாமல் அனுமானம் ஒன்றையே பற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் கோத்தா திங்கியில் என்னிடம் வருபவை பெரும்பாலும் செம்பனைத் தோட்டத்து அலுவலகங்களில் உழைத்துத் தேய்ந்தவை. புதிய விண்டோஸைத் தாங்க இயலாத அவற்றில் லினக்ஸை ஏற்றித் தருவது என் வழக்கம். “தம்பி, மூடினா தூங்குது, தெறந்தா எந்திரிச்சிடுது, ஆனா வைஃபை மட்டும் செத்துப்போவுது” என்று ஒரு தோட்டத்துக் கிராணியார் கொண்டுவந்த கணினியைப் பற்றிச் சொல்லுமுன், உறக்கம் என்பது இன்னதென்று சிறிது விளக்கிவிடுகிறேன்.

மின்சாரத்தை நிறுத்திவிடுவது மாத்திரம் உறக்கமாகாது. முதலில் நிரல்கள் உறைய வைக்கப்படுகின்றன. பின்னர், டிரைவர் எனப்படும் இயக்கிகள் ஒவ்வொன்றும் தத்தம் சாதனத்தை அடக்கி ஒடுக்குமாறு பணிக்கப்படுகின்றன. இதில் வரிசை பிரதானமானது. கம்பியில்லா அட்டை முதலில் ஒடுங்கிய பின்னரே அதனைத் தாங்கும் பிசிஐ பாலம் ஒடுங்கலாம். எழும்போதோ பாலம் முந்தி எழ வேண்டும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் ஆற்று வெள்ளம் அடுத்தடுத்து இவ்வூரில் புகுந்ததைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: வீட்டை விட்டுப் போகிறவன் உள்ளே இயங்குகின்ற சாதனங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, மெயின் சுவிட்சைக் கடைசியாக அணைக்கிறான், திரும்பி வந்ததும் அதனையே முதலில் சோதிக்கிறான்.

முற்றிலும் எழாமற் போகிற கணினிக்கு என்ன செய்வது? 2006-ஆம் ஆண்டில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், தம்முடைய மேக் மினி உறக்கத்திலிருந்து எழாத தொல்லையைத் துப்பறியும்பொருட்டு ஓர் உபாயம் செய்தார். மறுதொடக்கத்தில் நினைவகம் நம்பத்தக்கதன்று; ஆனால் நாணயம்போன்ற சிறு மின்கலத்தால் ஓடுகிற கடிகாரம் எதற்கும் அழிவதில்லை. ஆகவே ஒவ்வொரு சாதனத்தையும் எழுப்பும் தறுவாயில், அதன் அடையாளத்தை ஓர் எண்ணாகச் சுருக்கி, அந்த எண்ணைத் தேதியாகவும் நேரமாகவும் கடிகாரத்திலேயே எழுதிவைக்கச் செய்தார். 100 ஆண்டுகள், 12 மாதங்கள், 28 நாட்கள், 24 மணிகள், மும்மூன்று நிமிஷமாக ஒரு மணிக்கு 20 கூறுகள் என்று பெருக்கினால் 1 கோடியே 61 லட்சத்துக்கு மேற்பட்ட எண்களை அதில் பொதிந்து வைக்கலாம். கணினி ஸ்தம்பித்ததும் மூன்று நிமிஷத்துக்குள் அதனை மறுபடி தொடக்கினால், லினக்ஸின் கருவாகிய கெர்னல் கடிகாரத்தைப் படித்து, கடைசியாக எந்தச் சாதனத்தை எழுப்ப முயன்று மாய்ந்தது என்பதை உரைத்துவிடும். தாமதித்தால் கடிகாரம் ஓடிச் சாட்சியமும் மாறிப்போகும். தேதி கன்னாபின்னாவென்று கெட்டுவிடுவது இதற்கு நாம் கொடுக்கும் விலை. நான் அறிந்த துப்பறியும் தந்திரங்களுள் இதற்கு நிகரான அழகுடையதைக் கண்டதில்லை.

கிராணியாரின் கணினிக்கு இத்தனை தூரம் போக வேண்டியிருக்கவில்லை. கெர்னலில் ஒத்திகை வசதி ஒன்றுண்டு: இயந்திரம் உண்மையில் உறங்காமலே, நிரல்களை உறைய வைப்பது வரையிலோ, சாதனங்களை ஒடுக்குவது வரையிலோ, அதற்கும் அப்பாலோ சென்று, 5 விநாடி நின்று, மீண்டுவிடும். எல்லா ஒத்திகையிலும் வைஃபை பழுதின்றி எழுந்தது. மெய்யான உறக்கத்தில் மாத்திரம் மாண்டது. ஒத்திகையில் சாதனம் மின்சாரத்தை இழப்பதில்லை, மெய்யுறக்கத்தில் இழக்கிறது. ஆகவே, மின்சாரத்தோடு சேர்ந்து போய்விட்ட ஏதோ ஒன்றை இயக்கி இன்னும் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கிறது என்று துணிந்தேன். அட்டை பாலத்தோடு தொடர்பிழந்திருந்தால் படிக்கும் ஒவ்வொரு பிட்டும் 1 என்றே வந்திருக்கும். அவ்விதமின்றிச் சரியான விடைகளே வந்தன, ஆனால் ஆணைகளுக்கு மறுமொழி இல்லை. இயக்கியை அகற்றி மறுபடி ஏற்றினாலோ உடனே உயிர் வந்தது.

காரணம் வெளிப்பட்டுவிட்டது. அட்டைக்குள் ஓடவேண்டிய ஃபர்ம்வேர், கணினி தொடங்கும்போது அட்டையின் நினைவகத்தில் ஏற்றப்பட்டு, உறக்கத்தில் கலைந்துபோயிற்று. உற்பத்தியாளர் வெளியிட்டுப் பின் கைவிட்ட அந்த இயக்கியில், எழும்போது ஃபர்ம்வேரை மீண்டும் ஏற்றும் வரிகளே இல்லை. அவற்றைச் சேர்ப்பதிலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு: கோப்பு இருப்பதோ வட்டில், வட்டு அப்போது விழித்திருக்கும் என்பது நிச்சயமில்லை, ஆதலால் உறங்கும் முன்பே கோப்பைக் கணினியின் நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் இயக்கியைக் கழற்றி மாட்டும் சிறு நிரலை எழுதிக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதனைச் சிகிச்சை என்று நான் ஒப்புவதில்லை.

உறங்கி எழ மறுக்கும் கணினியைப் பழுதுபார்க்கக் கொண்டுவருவோருக்கு ஒரு வேண்டுகோள். திரை கறுத்துக் கிடக்கையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கெர்னல் உயிரோடிருக்கிறது, பழுது பெரும்பாலும் திரையின் இயக்கியில்தான். அந்த ஒரு செய்தியைச் சொன்னாலும், பழுதுபார்ப்பவனின் வேலையில் பாதி குறையும்.