பிணை நிற்கும் கரை

ஐந்திணைப் பகுப்பைக் கற்பிக்கும் தமிழாசிரியர் எவரும் கரும்பலகையில் ஐந்து கட்டங்கள் வரைவார். குறிஞ்சிக்கு ஒரு கட்டம், முல்லைக்கு ஒரு கட்டம் என முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளும் அவற்றுள் ஒழுங்காக அமரும். தேர்வுக்கு அது போதும். ஆனால் நிலம் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. தொல்காப்பியரும் அதனை அறிந்தே திணைகள் ஒன்றோடொன்று மயங்குவதை விலக்காமல் விட்டார். அந்த மயக்கத்தைக் கண்ணாரக் காட்டும் இடம் ஒன்று நம் சோழ மண்டலக் கரையிலேயே உண்டு. கோடியக்கரை வனவிலங்குப் புகலிடமே அது.

சென்ற தை மாதம் எம் துறையின் இரண்டாமாண்டு மாணவர்கள் இருபத்திருவருடன் அங்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. நெல்லிக்குப்பத்தில் வைகறைத் தொழுகை முடித்து நாங்கள் வண்டியேறியபோது, ஆலைக்குக் கரும்பு ஏற்றிய வண்டிகள் சாலையோரம் வரிசையில் நின்றன. கடலூர், சிதம்பரம், கொள்ளிடம், சீர்காழி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் எனக் கடலைவிட்டு அகலாமலே தெற்கு நோக்கிப் போகிறது வழி. வேதாரண்யத்தை நெருங்கியதும் வயல்கள் ஒழிந்து உப்பளங்கள் தொடங்கின. கரும்பின் ஊரில் புறப்பட்டு உப்பின் ஊரில் இறங்கினோம் என்று ஒரு மாணவர் நயமாகச் சொன்னார். இராஜாஜி தலைமையில் 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய நடைப்பயணம் இங்கு வந்தடைந்து, ஏப்ரல் 30 அன்று உப்புச் சட்டத்தை மீறியது. அதன் நினைவுத்தூண் அகத்தியம்பள்ளியில் நிற்கிறது. அங்குச் சிறிது நேரம் நின்ற பிறகே கோடியக்கரைக்குச் சென்றோம்.

கோடி என்றால் முனை. பெயருக்கேற்பத் தமிழகக் கடற்கரை இங்கேதான் செங்கோணமாக மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்காள விரிகுடா. தெற்கே பாக் நீரிணை. இடையில் உள்ள காடு கண்ணுக்கு மென்மையானதன்று. காய்ந்த பசுமைமாறாக் காடு என்று அறிவியலார் இதனை வகைப்படுத்துவர். பாலை மரங்கள் நெருங்கி நிற்க, முட்செடிகள் கால்களைக் கீறுகின்றன. காட்டைக் கடந்தால் உப்புச் சேறு. சேற்றைக் கடந்தால் மணல். இராமர் பாதம் எனப்படும் மேடுதான் இப்பகுதியின் மிக உயர்ந்த இடம். அதுவும் கடல் மட்டத்திற்குச் சில அடிகள் மேலே இருப்பதே. நெய்தல் நிலத்தில் பாலை என்னும் பெயருடைய மரம், அதன் அருகே முல்லைக்குரிய மான் கூட்டம். என் கரும்பலகைக் கட்டங்கள் அங்கே கலைந்து போயின.

மக்கள் அஞ்சிய தனிமை இந்த இடத்திற்கு நெடுங்காலமாக உண்டு. சேரமான் பெருமாளோடு இங்கு வந்த சுந்தரர், ஆளரவமற்ற கடலோரத்தில் கோடிக்குழகர் தனித்திருப்பது கண்டு உருகிப் பாடினார். கல்கியின் பொன்னியின் செல்வனில் பூங்குழலி படகு செலுத்தும் கரையும் இதுவே. சோழர் காலத்தது என வழங்கிய பழைய கலங்கரை விளக்கம் 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் இடிந்து வீழ்ந்தது. அதன் எச்சத்தைக் கண்டபோது மாணவர்கள் பேச்சடங்கினர்.

மாலை வெயில் சாய்ந்த பிறகே விலங்குகள் வெளிவரும் என்று எங்களுடன் வந்த வனக்காவலர் கூறினார். முப்பது ஆண்டுகளாக அக்காட்டில் நடந்த மனிதர். "சார், பிள்ளைங்களைப் பேசாம ஒரே இடத்துல உட்காரச் சொல்லுங்க. நாம தேடிப் போனா அது ஓடும், நாம உட்கார்ந்தா அது வரும்" என்றார். ஆய்வுக்கும் பொருந்தும் அறிவுரை என்று எண்ணிக்கொண்டேன். புல்வெளியின் ஓரத்தில் அமர்ந்தோம். கால்மணி நேரம் கழிந்திருக்கும். முதலில் ஒரு கலைமான், கரிய முதுகும் வெண்மையான வயிறும், முறுக்கிய நீண்ட கொம்புமாக நிமிர்ந்து நின்றது. அதன் பின்னால் கொம்பில்லாத, மணல் நிறப் பெண்மான்கள் ஒவ்வொன்றாகப் புல்லுக்குள் இறங்கின.

ஒரு மாணவி மெல்லக் கேட்டார்: "ஐயா, இதுதான் இரலையா?"

இதுவேதான். வெளிமான் என்று நாம் இன்று அழைக்கும் இதன் பழம்பெயர் புல்வாய். புல்வாயின் ஆணுக்கு இரலை என்றும் கலை என்றும் பெயர் உண்டு எனவும், புல்வாய், நவ்வி, உழை முதலியவற்றின் பெண்ணுக்குப் பிணை என்று பெயர் எனவும் தொல்காப்பியர் மரபியலில் வகுத்துள்ளார். கார்காலத்தில் தேரூர்ந்து மீளும் தலைவன், இரலை தன் பிணையோடு துள்ளுவதைக் கண்டு தலைவியை நினைப்பது முல்லைப் பாட்டின் வழக்கம். முறுக்கிய அந்தக் கொம்பைச் சங்கப் புலவர்கள் நுட்பமாகக் கண்டு பாடியிருக்கிறார்கள். கிளைத்த கொம்புடைய புள்ளிமான் ஆண்டுதோறும் அதனை உதிர்த்துப் புதிதாய் முளைக்கச் செய்யும். இரலையின் கொம்போ வாழ்நாள் முழுதும் உதிராது. இவற்றைச் சொல்லி முடித்தபோது, உரையாசிரியர் துணையின்றி ஒரு சொல்லின் பொருள் எதிரே மேய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் விடியலில் உவர்நீர்ப் பரப்புக்குச் சென்றோம். தொலைவில் இளஞ்சிவப்புக் கோடு ஒன்று அசைந்தது. அவை பூநாரைகள். அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றுநீரை வடித்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்பவை. அந்த உணவில் உள்ள நிறமிதான் சிறகின் செம்மைக்குக் காரணம். எங்கள் காலடிக்கு அருகே ஓடிய கொசு உள்ளானோ ஒரு கைப்பிடி அளவுகூட இல்லை. எடை முப்பது கிராம் அளவே. வடதுருவத்தை ஒட்டிய சைபீரியப் பனிவெளியில் பிறந்து, ஆண்டுதோறும் இமயத்தைத் தாண்டி இக்கரைக்கு வருகிறது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1960களில் இவ்விடத்தின் அருமையை உலகறியச் செய்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்குப் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வலசைப் பாதையை ஆராய்ந்தனர். 1967-ஆம் ஆண்டு புகலிடமாக அறிவிக்கப்பட்ட இது, 2002-இல் ராம்சார் உடன்படிக்கையின்படி பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாயிற்று. தமிழ்நாட்டில் அத்தகுதியை முதலில் பெற்றது இதுவே. நம் மாவட்டத்துப் பிச்சாவரம் இருபது ஆண்டுகள் கழித்து 2022-இல் அதைப் பெற்றது.

திரும்பும் வழியில் வனக்காவலர் கஜா புயலைப் பற்றிச் சொன்னார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் அது நாகைக்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்தது. மரங்கள் முறிந்தன, மான்களும் குதிரைகளும் மாண்டன, கடல்நீர் உட்புகுந்தது. "மரம் திரும்ப முளைச்சிடும் சார். ஆனா மானுக்குக் குடிக்க நல்ல தண்ணி வேணுமே? கோடைல தொட்டியில நாங்கதான் ஊத்தறோம்" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் நம் கடலூரைத் தாக்கியபோது பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அன்று நமக்கு நிவாரணம் வந்தது. வீழ்ந்த மரங்களைக் கணக்கெடுத்தார்கள். புல்வாய்க்குக் குடும்ப அட்டை இல்லை. புயல் போன பின்னும் அதற்குத் தொல்லைகள் உள. சீமைக்கருவேலம் புல்வெளியை மூடி வருகிறது. காட்டில் பெருகிய குதிரைகள் புல்லிலும் நீரிலும் பங்கு கேட்கின்றன. நல்ல தண்ணீர்க் குட்டைகள் கோடையில் வற்றுகின்றன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். இந்த விலங்கு ஓடிப் போக வேறு நிலம் இல்லை.

எம்.ஃபில். பட்டத்திற்காகச் சீறாப்புராணத்தை ஆராய்ந்த நாள்களில், 'மானுக்குப் பிணைநின்ற படலம்' என்னை நெடுநேரம் நிறுத்திய பகுதி. வேடன் வலையிற்பட்ட மான் ஒன்று, தன் இளங்கன்றுக்குப் பாலூட்டி வர அனுமதி வேண்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அம்மானுக்காக வேடனிடம் பிணை நிற்கிறார்கள். கட்டவிழ்ந்த மான் தன் இனத்தைச் சேர்ந்து, கன்றுக்குப் பாலூட்டி, போகாதே என்று தடுத்த சுற்றத்தின் சொல்லையும் மீறி, கன்றுடனே திரும்பி வருகிறது. கண்ட வேடன் மனம் மாறுகிறான். உமறுப்புலவர் பாலை நிலத்து நிகழ்ச்சியைத் தமிழ் மரபின் மானாகவே வரைந்திருக்கிறார்.

கோடியக்கரையில் அன்று மாலை பெண்மான் ஒன்று தன் குட்டியோடு நீர்த்தொட்டியை நோக்கி வந்தது. எங்களைக் கண்டு தயங்கி நின்றது. குட்டி தாயின் வயிற்றோடு ஒண்டிக்கொண்டது. நிழற்படக் கருவியை உயர்த்திய மாணவர் ஒருவர், தாமாகவே அதைத் தாழ்த்திக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. மான் ஓர் அடி வைத்தது. பிறகு மற்றோர் அடி. பின்னர்த் தலை குனிந்து நீர் அருந்தியது. பெண்மானுக்கும் பிணை என்றே பெயர். ஒருவருக்காக மற்றொருவர் ஏற்கும் பொறுப்புக்கும் பிணை என்றே பெயர். இந்த இரு பொருளையும் அகராதியில் தனித்தனி வரிகளாகப் படித்திருக்கிறேன். அங்கே அவை ஒரே வரியில் நின்றன.

இரவு விடுதியில் அந்த மாணவர் என்னிடம் ஒரு வினா எழுப்பினார்: "ஐயா, அந்தப் படலத்தில் மான் திரும்பி வராமல் போயிருந்தால் என்ன ஆகும்?" பிணை நின்றவர் அதற்கு ஈடாகத் தம்மையே தர வேண்டும் என்பதுதான் பிணையின் பொருள் என்றேன். அவர் சிறிது யோசித்து, "அப்படியென்றால் இலேசான சொல் அல்ல" என்றார்.

உண்மைதான். காட்டைப் பாதுகாப்போம் என்று மேடையில் சொல்வது எளிது. அதற்கு இழப்பு எதுவும் இல்லை. பிணை நிற்பதோ நம்மிடமிருந்து ஏதேனும் ஒன்றைக் கேட்கும். சுற்றுலா செல்லும்போது ஒலிப்பானை அடக்குவது, நெகிழிப் பையைத் திரும்ப எடுத்து வருவது, கடற்கரை நிலத்தை விற்கும்போதும் வாங்கும்போதும் அங்கே நீர் அருந்துவது யார் என்று ஒருமுறை கேட்பது எல்லாம் அதன் சிறு தவணைகள். ஊர்ப் பெரியோர்களும் இதனைக் கருத வேண்டுகிறேன். வாயற்ற உயிர்க்குத் தண்ணீர் தருவது அறம் என்று நம் முன்னோர் நமக்குச் சொல்லித் தந்ததே. மாணவச் செல்வங்களே, இரலை என்ற சொல்லைத் தேர்வுத்தாளில் எழுதும் ஒவ்வொரு முறையும், அச்சொல்லுக்கு உரிய உயிர் இந்நாட்டில் எங்கோ புல் மேய்கிறதா என்றும் கேளுங்கள். கிண்டியிலும் வல்லநாட்டிலும் கோடியக்கரையிலும் இன்று அது மேய்கிறது. நாளையும் மேய வேண்டுமானால் அதற்குப் பிணை நிற்க ஆள் வேண்டும்.