சிங்கப் பாதத்தடியில் ஓர் எச்சரிக்கை

கி.பி. 5ஆம் நூற்றாண்டிலே காசியப்ப மன்னன் அரணமைத்த சிகிரியாக் குன்றிற்கு மாணாக்கருடன் சென்றிருந்தோம். குளவிகளைக் கலைக்காது அமைதி பேணுமாறு அங்கே பலகைகள் எச்சரித்தன. அண்ணாந்து நோக்கினோம். பாறையின் சரிவிலே கரிய அடைகள் தொங்கின.

உண்மையில் அவை குளவிக்கூடுகள் அல்ல, மலைத்தேனீயின் அடைகள். மலைத்தேனீ ஒற்றை அடையைத் திறந்தவாறே தொங்கவிடும். மரங்களிற் கூடு கட்டும் பெருங்குளவியோ மரநாரை மென்று, கடதாசி போன்ற உறையாற் கூட்டை மூடிவிடும். தேனீ கொட்டினால் கொடுக்கு நம் தோலிலே தங்கும். அதன் மணம் ஏனைய தேனீக்களையும் அழைக்கும். குளவியோ மீண்டும் மீண்டும் கொட்ட வல்லது.

இதனை விளக்கிக்கொண்டிருக்கையில் மாணவனொருவன் விளையாட்டாகக் கல்லொன்றை ஓங்கினான். அவன் கையைப் பற்றி, சிங்கப் பாதத்தருகே இருந்த கம்பிவலைக் கூண்டைக் காட்டினோம்.

“இவை கலைந்தால் நாம் இதனுள் ஓடி ஒளிவோம். கைக்குழந்தையுடன் படியேறி வருகின்ற அத்தாய் எங்கே ஓடுவாள்?” என்றோம்.

அவன் திரும்பிப் பார்த்தான். பேசாமற் கல்லைக் கீழே வைத்தான்.

வீட்டு வளவிலே குளவிக்கூடு காணினும் கல்லெறிதலும் தீப்பந்தம் பிடித்தலும் ஆகா. பிள்ளைகளை விலக்கி, தக்க காப்புடையும் பழக்கமும் உடையோரை அழைத்தலே முறை. கொட்டுண்டவர்க்கு மூச்சுத் திணறினால் கைமருந்து தேடி நில்லாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

அன்று மௌனமாய் ஏறி, மௌனமாய் இறங்கினோம். அடைகள் அசையவில்லை.