கோயில் அடைத்திருந்தபோது

2020 மார்ச் 16, திங்கள்

ராத்திரி டிவியில் மலேசியப் பிரதமர் முஹிடின் பேசினார். கொரோனாவால் 18ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை நடமாட்டக் கட்டுப்பாடு. பள்ளிவாசல், மாரியம்மன் கோயில், நம்ம கத்தோலிக்கக் கோயில், எல்லாம் அடைப்பு. மளிகைக் கடை திறக்கலாம். தம்பி கீழே அவன் கடையில் அரிசி மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். "இனி ஞாயித்துக்கெழமை நீயும் நானும் ஒண்ணுதான்லா அக்கா" என்று சிரித்தான். எனக்கு எரிச்சலாக வந்தது.

மார்ச் 22, ஞாயிறு

சேலை கட்டிக்கொண்டு ஃபோனில் பூசை கண்டேன். எல்லோரும் நற்கருணை வாங்கும் நேரம் வந்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

வேண்டுமென்றே ஞாயிறு பூசையைத் தவறவிட்டால் சாவான பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தவள் நான். தம்பியும் அதே வகுப்பில்தான் இருந்தான். அவன் கோயில் பக்கம் போய் வருஷங்களாகிறது. அவனுக்காக தினமும் ஒரு செபமாலை கூடுதலாகச் சொல்வேன். இன்று பாதியில் நின்றுவிட்டது.

மார்ச் 28, சனி

ராத்திரி ஒரு மணிக்கு ரோமிலிருந்து நேரலை. மழையில் ஆளில்லாத சதுக்கம், போப்பாண்டவர் தனியாக நடந்து வருகிறார். 1522இல் கொள்ளைநோய் வந்தபோது தெருத்தெருவாகத் தூக்கிப்போன சிலுவையை வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். தம்பியும் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இந்த வயசுல குடை பிடிக்க ஒரு ஆள் இல்லியா?" என்றான். முடியும்வரை எழுந்திருக்கவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

ஏப்ரல் 5

குருத்தோலை ஞாயிறு. கட்டுப்பாடு இன்னும் முடியவில்லை. ஓலை இல்லை.

ஏப்ரல் 9, பெரிய வியாழன்

கடைத்தெருவில் பாட்டுச் சத்தமே இல்லை. கேசட் காலத்திலிருந்து கடைக்குக் கடை போட்டி போட்டு அலறும் தெரு இது. நான் திட்டாத நாள் கிடையாது.

பின்தெரு மாடியில் தமிழ்நாட்டுப் பையன்கள் தங்கியிருக்கிறார்கள், சாப்பாட்டுக் கடைகளில் வேலை பார்ப்பவர்கள். அந்தக் கடைகளில் வியாபாரம் பாதி, சம்பளம் வரவில்லை, விமானமும் இல்லை. தம்பி அரிசி, பருப்பு, சார்டின் டின் எல்லாம் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினான். முட்டி வலிக்காரன். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டு மறுபடி ஏறினான். கடன் நோட்டில் எழுதினானா என்று கேட்டேன். "எழுதுனா திருப்பிக் குடுப்பானுங்களா? மை செலவு" என்றான். காலையில் சப்ளையரிடம் காது கூசுகிற மாதிரிப் பேசினதும் இதே வாய்தான்.

ராத்திரி சாப்பிடும்போது நானே ஆரம்பித்தேன். யாழ்ப்பாணத்தை டச்சுக்காரன் 1658இல் பிடித்தான். அதற்குப் பிறகு அங்கே கத்தோலிக்கக் குருவானவர்களுக்குத் தடை. 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் என்ற குருவானவர் பிச்சைக்காரர் வேஷத்தில் போய்ச் சேர்ந்தார். கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டாராம். அதைப் பார்க்கிறவர்களின் கண்ணை வைத்துத்தான் கத்தோலிக்கர் யார் என்று கண்டுபிடித்தாராம். 2015இல் கொழும்பில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். சனங்கள் எப்படிக் காத்திருந்தார்கள் பார், என்று சொல்லத்தான் சொன்னேன்.

"அந்த முப்பது வருசத்துல செத்தவங்க எல்லாம் எங்க போனாங்க? நரகமா?"

"அவங்களுக்குப் போக வழியில்லடா. உனக்கு வழி இருக்கு, நீ போறதில்ல."

"சரி. இப்ப உனக்கும் வழியில்ல. நீ என்ன கெட்டா போயிட்ட?"

பதில் இருந்தது எனக்கு. அவர்கள் ஏங்கினார்கள், பூட்டின வீட்டுக்குள் ஒன்றாக உட்கார்ந்து செபித்தார்கள் என்று. அவன் அதற்குள் கை கழுவப் போய்விட்டான்.

ஏப்ரல் 12

ஈஸ்டர். ஆட்டிறைச்சி கிடைக்கவில்லை. கோழி.

ஏப்ரல் 24, வெள்ளி

நோன்பு முதல் நாள். பக்கத்துக் கடை பாய் வீட்டிலேயே கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் அனுப்பினார். பள்ளிவாசல் அடைத்திருப்பது கைகால் விளங்காத மாதிரி இருக்கிறது என்றார். அவரிடம் மட்டும் எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மே 3, ஞாயிறு

எதை இழந்தேன் என்று யோசித்தால் பிரசங்கம் ஞாபகம் வரவில்லை. எனக்கு முன் பெஞ்சில் உட்காருபவளின் பின்கொண்டைதான் வருகிறது. கூட்டுப் பணம் போட்டபோது எங்களுக்குள் சண்டை. வெளியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, சமாதானம் சொல்லச் சொன்னதும் அவள் திரும்புவாள், நான் கும்பிடுவேன், அவளும் கும்பிடுவாள். மனதில்லாமல்தான். வேறெங்கும் அவளை நான் கும்பிட்டதில்லை. தம்பிக்கு இந்த மாதிரி ஆள் யாரும் இல்லை. பிடிக்காதவனை அவன் கடைப் படியே ஏறவிடமாட்டான்.

அவளுக்கு இனிப்பு நீர் உண்டு. தனியாக இருக்கிறாள்.

மே 5

ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை.

மே 19

திரும்ப அடித்தேன். எடுத்தாள். "யாரு?" என்றாள். என் நம்பர் அவளிடம் இல்லை, அல்லது அழித்துவிட்டாள். மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். அவ்வளவுதான். தம்பி அரிசி கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, "அவன்தான் போன வாரமே குடுத்தானே" என்றாள்.

அவன் என்னிடம் சொல்லவே இல்லை.

ஜூன் 14, ஞாயிறு

கோயில்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கப் போவதாகப் பேச்சு. முன்கூட்டியே பேர் கொடுக்க வேண்டுமாம், ஆளை எண்ணித்தான் உள்ளே விடுவார்களாம், தள்ளித்தள்ளி உட்கார வேண்டுமாம். முதல் ஆளாக என் பேர் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இடம் கொஞ்சம்தான் என்றால் யார் போவது? அவளுக்குப் பேர் கொடுக்க ஸ்மார்ட்ஃபோன் கிடையாது. தம்பியிடம் சொன்னேன். "அவளுக்கும் சேத்துக் குடு. இல்லேன்னா நீயும் குடுக்காத" என்றான், தராசைத் துடைத்துக்கொண்டே. கோயில் விவகாரத்தில் இவன் எனக்குப் புத்தி சொல்கிறான்.

இன்னும் கொடுக்கவில்லை.