றபானும் மென்தகடும்

பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக எனப் பணித்தபோது, விடுதி வாழ்வின் வேடிக்கைகளையே எழுத எண்ணினோம். ஆயின், அண்மையில் கல்முனைக்குடியில் எமது இல்லத்தில் நிகழ்ந்த சிறு சம்பவமொன்று அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது.

ஆசிரியப் பணியினின்று ஓய்வுபெற்றபின், உயர்தர வகுப்பு மாணவர் சிலருக்கு மாலை வேளைகளிற் பௌதிகம் கற்பித்து வருகின்றோம். ஒருநாள் குறைகடத்திகளைப் பற்றிப் பேச்செழுந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கைம், நோவோசெலோவ் என்னும் அறிஞர்கள், நம் போகலைச் சுரங்கத்திற் கிடைப்பது போன்ற காரீயத்தை ஒட்டுநாடாவினால் உரித்து, ஓரணுத் தடிப்புள்ள கிராபீனை 2004இல் உலகிற்குக் காட்டினர். மொலிப்டினம் இருசல்பைட்டையும் அவ்வாறே உரிக்கலாம். கட்டியாயிருக்கையில் ஒளியை அரிதாகவே உமிழும் அப்பொருள், ஒரு நனோமீற்றரிலும் மெல்லிய தனித்தகடானதும் சிவந்த ஒளியை நன்கு உமிழும். இது 2010இல் அறியப்பட்டது.

“சேர், அந்தத் தகட்டை இழுத்தால் நிறம் மாறுமா?” என்றான் ஒரு மாணவன்.

கடற்கரைப் பள்ளிக் கொடியேற்ற நாட்களிற் பக்கீர்மார் றபானை நெருப்பிற் காய்ச்சுவதைச் சிறுவயதிற் கண்டவர் நாம். தோல் இறுகச் சுருதி உயரும். அவ்வுவமையைக் காட்டி, “இழுத்தால் அதிர்வெண் உயரும், ஒளி நீலத்தை நோக்கி நகரும்” என்றோம். மாணவர் மகிழ்ந்து கொப்பியில் எழுதிக்கொண்டனர்.

அன்றிரவு ஐயம் உறங்கவிடவில்லை. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தோம். உண்மை நேர்மாறாயிருந்தது! றபானின் சுருதியை நிர்ணயிப்பது தோலின் இழுவிசை. தகட்டின் நிறத்தை நிர்ணயிப்பதோ, இலத்திரன் தாண்டவேண்டிய சக்தி இடைவெளி. தகட்டை இழுக்க அணுக்கள் விலகிப் பிணைப்புத் தளர்கின்றது, இடைவெளி சுருங்குகின்றது. நூற்றுக்கு 1 பங்கு நீட்டினால், ஏறக்குறைய 1.85 இலத்திரன் வோற்றாகிய இடைவெளி 0.045 அளவு குறையுமென 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. அதாவது, 670 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளி சுமார் 17 நனோமீற்றர் நீண்டு மேலும் சிவக்கும். மேன்மேலும் இழுப்பின் ஒளியே மங்கும்.

இவ்விகாரத்தை உண்டாக்குதல் எளிது. 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளாஸ்டிக் கீற்றிலே தகட்டை ஒட்டி, 5 சென்ரிமீற்றர் ஆரையுள்ள வில்லாக வளைத்தாற் போதும். தகடு எவ்வளவு நீண்டதென அளக்க உதவுவது, திருச்சிராப்பள்ளியிற் பிறந்த இராமன் 1928இற் கண்டறிந்த இராமன் விளைவே.

விடிந்தபின் நாணம் தடுத்தது. பரீட்சைக்கு வராத விடயந்தானே, விட்டுவிடலாமென மனம் சமாதானம் கூறிற்று. அப்போது நம் கல்லூரிப் பௌதிக ஆசிரியர் நினைவில் வந்தார். ஒருநாள் கரும்பலகை நிறைய எழுதிய கணக்கை மறுநாள் மீண்டும் எழுதி, தாமே குறுக்கே கோடிட்டு, “நேற்று நான் பிழைவிட்டேன், உங்கள் கொப்பியிலும் வெட்டிவிடுங்கள்” என்றவர் அவர். அன்று பின்வரிசையிலிருந்து நகைத்தோருள் நாமும் ஒருவர்.

மாலையில் மாணவர் வந்ததும் அவர் சொன்ன சொற்களையே சொன்னோம். எவரும் நகைக்கவில்லை. வினவிய மாணவன் மட்டும், “அப்படியென்றால் றபானையும் வெட்டிவிடவா, சேர்?” என்றான்.

“வெட்டவேண்டாம், மகன். அது எவ்விடத்திற் பொருந்தாதென்பதையும் பக்கத்தில் எழுதிவை” என்றோம்.

கல்லூரியிற் கற்ற சூத்திரங்களிற் பல மறந்துபோயின. அவ்வாசான் இட்ட குறுக்குக்கோடு மறக்கவில்லை. இன்று கற்கும் இளையோருக்கும் கற்பிப்போருக்கும் நாம் எடுத்துரைக்க விரும்புவதும் அதுவே.